கடப்பாக்கத்தில் அனைவரும் காலமானது பற்றி

மீனவர் சங்க அலுவலகம்,
கடப்பாக்கம்.

மாப்பிள்ளை கிஷோருக்கு, தாய்மாமன் பக்தவச்சலம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். ஆனால் சங்கத்துக்கு நீ செய்துகொடுத்த புரோகிராம்படி இங்கு அனைவரும் செத்துவிட்டோம். நீ போனை எடுக்காததால் தபாலில் எழுதுகிறேன்.

என் மகன் தீனா கடலுக்குப் போய்த் திரும்பாததும், படகு மட்டும் ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் கவிழ்ந்து ஒதுங்கியதும் உனக்குத் தெரியும். ரஞ்சிதாவுக்குக் குடும்ப உதவி கிடைக்க வேண்டுமானால் அவள் புருஷனைக் காலமானவன் என்று பதிய வேண்டும் என்று சங்கத்தில் முடிவாயிற்று. செயலாளர் நான், பாஸ்வேர்டும் எனக்குத்தான் தெரியும். 'நிலை' என்ற கட்டத்தில் 'காலமானார்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன், பெயர்க் கட்டத்தில் அவன் பெயரை அடிக்கக் கை வரவில்லை. உடல் கரைக்கு வராதவன் பெயரை அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் நம் வீட்டில் எழுத மாட்டோமே. காலியாக விட்டு அமுக்கினேன். கம்ப்யூட்டருக்குப் புரியும் என்று நினைத்த நான் ஒரு கூறுகெட்டவன்.

உடனே என் போனுக்கே, செயலாளர் என்று என் பெயர் போட்டே, என் மறைவுக்கு இரங்கல் வந்தது. சங்கத்தில் எல்லோர் போனுக்கும் அவரவர் மறைவுக்கு அப்படியே. மாரியம்மா மீன் ஏலத்தைப் பாதியில் விட்டுக் கூடையோடு வந்து, "இன்னா அண்ணாத்த, என்னியுமா சாவடிச்சிட்ட?" என்று கேட்டாள். செத்தவர்களின் சங்க அட்டைக்கு டீசல் இல்லை என்று பங்கில் திருப்பிவிட்டார்கள், தீனாவின் உடலைத் தேடிக்கொண்டிருந்த படகுகள் கரையில் நிற்கின்றன. திருப்போரூர் கம்ப்யூட்டர் கடை அமீரை வரவழைத்துக் காட்டினேன். நீ கட்டளையைத் துண்டு துண்டாக எழுதி, நான் அடிக்கும் பெயரை அதில் ஒட்டி அனுப்புகிறாயாம். பெயர் காலியாக இருந்தால் 'இன்னாருக்கு' என்கிற துண்டையே அது விட்டுவிடுமாம். "யாருக்குன்னு கேக்காம ஊருக்கே போட்டுகீது" என்றான். ஏண்டா, ரேஷன் கடையில்கூட யாருக்கு என்று கேட்கிறான், சாவுக்குக் கேட்க மாட்டாயா?

எல்லோரையும் உடனே எழுப்பு. தீனாவை மட்டும் உன் கையால் நீயே பதிந்துவிடு. பெற்றவனால் முடியவில்லை.

உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல். அவளும் சங்க உறுப்பினர்தான், எங்களோடு போய்ச் சேர்ந்தவள். நீயாவது உன் புரோகிராமில் சிக்காமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
காலஞ்சென்ற பக்தவச்சலம்,
செயலாளர்.

பி.கு.: உன் அம்மாவுக்கு வந்த இரங்கலைப் பார்த்தாயோ என்னவோ, இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் நீ எல்லோரையும் எழுப்பிவிட்டாய். ஆனால் நீயும் பெயர் போடாமல்தான் அனுப்பியிருக்கிறாய். தீனா வீட்டில் விட்டுப்போன போனை ரஞ்சிதா தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறாள். இரங்கல் வந்தபோது, ஊருக்கே வந்ததுதானே என்று அழித்துவிட்டாள். 'தாங்கள் உயிருடன் உள்ளீர்கள்' என்று வந்ததை மட்டும் என்னிடம் ஓடிவந்து காட்டினாள். "மாமா, கீறாரு பாரு" என்றாள். இத்தனை நாள் கழித்து இன்றுதான் சோறு சாப்பிட்டாள். மேலே எழுதியதை விட்டுவிடு. அந்த ஒரு பெயரில் நீயும் கை வைக்காதே.