முட்டுக் கொடுத்த இரண்டு வாழைகள்

நான் ஒரு வாழைக்குலைக் கள்ளன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி ரஞ்சி சொல்லுவாள், அதுவும் விருந்துக்கு வந்தவர்கள் சோற்றில் கைவைத்த பிறகு.

அவிசாவளைக்கு அப்பால் ஒரு பழைய ரயில் பாதை. தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டுபோய் எத்தனையோ காலம். இரண்டு பக்கமும் றம்புட்டான், மங்குஸ்தான் தோட்டங்கள். அந்தப் பாதையைத் துப்புரவாக்கி, சனம் காலாற நடக்கிற, சைக்கிள் ஓடுகிற வழியாக்க வேண்டும் என்று ஊரவர்களோடு சேர்ந்து இறங்கினார் என் நண்பர் நவ்ஷாத். வெள்ளவத்தைக் கடற்கரையில் தினமும் காலையில் என்னோடு நடக்கிறவர். இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் போய்ப் பற்றை வெட்டினார். நானும் போவேன். (வெட்டமாட்டேன். அபிப்பிராயம் சொல்லுவேன்.) வழிகாட்டிப் பலகைகளில் தமிழ் கடைசியில், எறும்பு அளவில் இருக்கிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழும்பி நின்று சண்டை பிடித்தது நான்தான்.

எல்லாம் முடிந்தும் ஒரு வேலி மிச்சமிருந்தது. வழி தொடங்குகிற பழைய ஸ்டேஷனிலிருந்து நூறு யார் தூரம் தள்ளி, சோமாவதி என்ற அம்மாவின் தோட்டம் பாதைக்குக் குறுக்கே வந்திருந்தது. அவர் வேலியைத் திறக்காவிட்டால் எங்கள் வழி தொடங்கின இடத்திலேயே முடிந்துவிடும். கொழும்பு ஆட்கள் வந்தால் மரத்தில் ஒன்றும் மிஞ்சாது என்பது அவருடைய பயம். கடைசியில், திறப்பு விழாவுக்கு வருகிறேன், உங்கள் ஆட்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம்.

"குகன், உங்களுக்கு ஒரே ஒரு வேலதான். வாசலச் சோடிங்க. வேற ஒண்டும் வாணாம்," என்றார் நவ்ஷாத்.

சோடனை என்றால் எங்களுக்கு வாழை. கலியாணமோ கோயிலோ, குலையோடு இரண்டு வாழை நின்றால்தான் அது வாசல். சந்தையில் வாங்கி வாடகை வானில் கட்டிக்கொண்டு போகச் சொன்னாள் ரஞ்சி. தோட்டம் நிறைந்த ஊருக்கு வெள்ளவத்தையிலிருந்து வாழை கொண்டுபோனால் சனம் சிரிக்கும் என்றேன். (சிரித்தார்கள்தான். வேறு காரணத்துக்கு.)

விழா அன்று விடியவே போய்விட்டேன், சரிகை வேட்டியோடு. பார்த்தால், வேலிக்கு வெளியே, பழைய பாதையின் சல்லிக்கல்லுக்கு நடுவில் குலை தள்ளிய இரண்டு வாழைகள். ரயில் நிலம், ஆகவே அரசாங்கத்து வாழை, ஆகவே பொதுமக்கள் வாழை, ஆகவே என் வாழை என்று அங்கேயே தீர்ப்பெழுதினேன். இரண்டுக்கும் கவர்தடி வைத்து முட்டுக் கொடுத்திருந்தது. குலைகளை வௌவால் தின்னாமல் சாக்குப் போர்த்திக் கட்டியிருந்தது. தானாய் முளைத்த வாழை தனக்குத்தானே சாக்குப் போர்க்குமா என்று இந்த மண்டை கேட்கவில்லை. வெட்டினேன். ஸ்டேஷன் வாசலில் இரண்டு பக்கமும் கட்டினேன். கவர்தடிகளையும் விடவில்லை, தோரணம் கட்ட உதவின. படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். கனடாவிலிருந்து மூன்று பேர் கைகூப்பினார்கள்.

சோமாவதி அம்மா வந்தார். எல்லாரும் எழும்பி நின்றோம். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை, வாழையைத்தான் பார்த்தார். குலையைத் தடவினார். கவர்தடியைத் தொட்டார்.

"மே மகே கெசெல்," என்றார். இது என்னுடைய வாழை.

நவ்ஷாத் என்னைப் பார்த்த பார்வையைச் சாகும்வரை மறக்கமாட்டேன். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. நான்தான் வெட்டினேன் என்று சிங்களத்தில் சொன்னேன். ஏன் என்றார். பெரிய ஆட்கள் வருகிற வாசலில் நாங்கள் இப்படித்தான் கட்டுவோம் என்றேன். இன்றைக்கு யார் அந்தப் பெரிய ஆள் என்றார்.

"நீங்கள்தான் அம்மே. நீங்கள் இல்லாவிட்டால் இந்த வழியே இல்லை."

அவர் திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தார். கதை முடிந்தது என்று நவ்ஷாத் கதிரையில் இருந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் சோமாவதி அம்மா திரும்பி வந்தார், கையில் இரண்டு வாழைக்குட்டியும் ஒரு மண்வெட்டியும். கள்ளன் என்றாலும் கேட்க முந்தியே ஒத்துக்கொள்கிற கள்ளன் என்று ஊராருக்குச் சொன்னார். பிறகு மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். வெட்டின வாழை மூன்று நாளில் வாடிவிடும், வாசலுக்கு வாழை வேண்டுமென்றால் நட்டு வையுங்கள், என் வேலியடியில், இரண்டு பக்கமும் என்றார்.

"அங்க வாசல் இல்லையே, வேலிதானே இருக்கு," என்றேன் நான். (படித்தவன்.)

நவ்ஷாத் என் கையைக் கிள்ளினார். "வாய மூடிட்டுத் தோண்டுங்க குகன்."

தோண்டினேன். சரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழு விழாவும் சுற்றி நின்று பார்க்க, கல்லோடு மல்லுக்கட்டினேன். இரண்டாவது குட்டிக்கு மண் அணைத்து முடிய, சோமாவதி அம்மா தன் கையாலேயே கம்பியை அவிழ்த்தார். நவ்ஷாத் முதலில் நடந்தார், சனம் பின்னால். அவர் கண் கலங்கியிருந்தது. நான் வியர்வை என்று சொல்லி என்னுடையதைத் துடைத்துக்கொண்டேன். வென்றுவிட்டோம். முழு வழியும் திறந்துவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் நான் எதில் கைவைத்தாலும், பிரிட்ஜில் இருக்கும் கேக் துண்டாக இருந்தாலும், "முட்டுக் குடுத்திருக்கோ எண்டு முதல்ல பாருங்கோ," என்பாள் ரஞ்சி. பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டுவிட்டார்கள்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். அந்தக் குட்டிகள் பெருகிக் குலை தள்ளி, முட்டும் சாக்குமாக வழியின் இரண்டு பக்கமும் நிற்கின்றன. சைக்கிள்காரர்கள் நடுவால் போகிறார்கள். பக்கத்தில் சோமாவதி அம்மா ஒரு பலகை வைத்திருக்கிறார். எழுதிக்கொடுத்தது நவ்ஷாத். முழு வழியிலும் தமிழ் முதலில், தமிழ் பெரிதாக, தமிழில் மட்டும் இருக்கிற பலகை அது ஒன்றுதான்:

"வெட்டக் கூடாது."