தாடைச் சாமியும் சொல்தாவின் பல்வரிசையும்

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் புதுச்சேரியே கன்னத்தில் துண்டு கட்டிக்கொண்டது. வாயை மூட முடியாதவர்கள் முதலியார்பேட்டைக்குப் போனார்கள். திறக்க முடியாதவர்களும் அங்கேதான் போனார்கள். தாடைச் சாமி வந்திருந்தார்!

விழுப்புரத்திலிருந்து பஸ், கடலூரிலிருந்து பஸ். இவ்வளவு கூட்டத்திலும் வேர்க்கடலைக்காரனுக்கு மட்டும் வியாபாரமில்லை. கடிக்க ஒருவருக்கும் வாய் இல்லை.

சாமியின் பெயர் தெய்வசிகாமணி. போன மழை வரைக்கும் குடை ரிப்பேர் செய்தவர். குடையும் திறந்து மூடுகிறது, வாயும் திறந்து மூடுகிறது என்று கண்டுகொண்ட அன்றே ஞானம் வந்துவிட்டது.

அவர் சாஸ்திரம் சுருக்கமானது. வாயைத் திறந்தால் காதோரம் 'டக்' என்கிறதா? தாடைப் பேய் கதவைத் தட்டுகிறது. வலிக்கிறதா? பேய் விட்ட புழு பல்லைத் தின்கிறது. வலிக்கவில்லையா? புழு தூங்குகிறது, எழுப்பி விரட்ட வேண்டும்.

வைத்தியமும் சுருக்கம்தான். ஒரு தாம்பாளத்தில் தண்ணீர். நடுவில் செங்கல், அதன்மேல் பழுக்கக் காய்ச்சிய ஓடு. ஓட்டின்மேல் நெய்யும் ஒரு சிட்டிகை 'மந்திர விதை'யும். நோயாளி அதன்மேல் குனிந்து முடிந்தவரை வாயைப் பிளக்க, சாமி கறுப்புக் கம்பளியால் மூடுவார். உள்ளே படபடவென்று வெடிக்கும். கம்பளியை விலக்கினால் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் புழு! கூட்டம் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வலிக்கிற கன்னத்திலேயே போட்டுக்கொள்ளும்.

பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிற புஷ்பமேரியும் வந்தாள். ஒரு மாதமாக அவள் வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. கூவ முடியாத பூக்காரியிடம் யார் நிற்பார்கள்? பக்கத்துக் கடைக் கொளஞ்சிதான், "மல்லி இங்கயும் இருக்கு, பக்கத்துலயும் இருக்கு!" என்று இரண்டு கடைக்கும் சேர்த்துக் கத்தினாள். ஆண்டவன் இப்படிப்பட்டவர்களைக் கம்பளி போர்த்தாமல்தான் அனுப்புகிறான்.

புஷ்பமேரிக்குப் புழு விழுந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

"புழு போயிட்டுது, கூடு இருக்கு" என்றார் சாமி. "கடைவாய்ல ரெண்டு பல்லு. வெள்ளிக்கிழமை வா, பிடுங்கிடலாம்."

குறடு தயாராக இருந்தது. குடைக்கம்பி வளைத்த அதே குறடு.

புஷ்பமேரியிடம் தினம் மாதா படத்துக்கு ஒரு முழம் மல்லி வாங்குபவர் அமலநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குவதால் ஊருக்கு அவர் சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய். அறுபத்தைந்து வயசிலும் ஒரு பல்கூட விழாதவர் என்று பெயர். சிரிப்பதற்கென்றே கடற்கரைக்குப் போவார். காலையில் தெருவில் நின்று வேப்பங்குச்சியை மென்று, "எல்லாம் இதாலதாம்பா!" என்பார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாம்மா" என்று அவளைக் கெஞ்சிப் பார்த்தார்.

"புழுவக் கண்ணால பார்த்தேனே பெரியப்பா" என்றாள் அவள், பல்லிடுக்கு வழியாக.

வெள்ளிக்கிழமை. புஷ்பமேரி பலகையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர். கொளஞ்சி கையைப் பிடித்திருந்தாள். சாமி குறட்டுக்கு விபூதி பூசிக்கொண்டிருந்தார்.

"சாமி! எனக்கும் டக்கு டக்குங்குது. மொதல்ல என்னைப் பாருங்க" என்று சொல்தா முன்னால் வந்தார்.

"பொழுதுக்கும் இளிச்சா பேய் வராம என்னா பண்ணும்? குனி."

கம்பளி. படபட. தண்ணீர்.

"ஒம்போது புழு! மேல் வரிசை, வலது கடைவாய்ப் பல்லு. உள்ளார ஒரே சொத்தை!"

"நல்லாத் தெரியுதா?"

"ஞானக்கண்ணுக்குத் தெரியாம போவுமா?"

சொல்தா கூட்டத்தைப் பார்த்தார். தினம் தம் சிரிப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முகங்கள். பிறகு புஷ்பமேரியைப் பார்த்தார். அவ்வளவுதான். வாய்க்குள் கையைவிட்டு, மேல் வரிசை முழுவதையும் கழற்றிச் சாமியின் உள்ளங்கையில் வைத்தார். கீழ் வரிசையையும் எடுத்து அதன்மேல் வைத்தார்.

"எந்தப் பல்லு சாமி? தொட்டுக் காட்டுங்க" என்றார், பாதி பேச்சு, பாதி காற்று. "பிரான்சுல, மார்சேய்ல கட்டுனது. இருவது வருசமா ஒரு புழு வந்ததில்ல."

"அட சொல்தா! வேப்பங்குச்சின்னு ஊரை ஏமாத்துனியே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பில் பந்தல் ஆடியது. துண்டு கட்டிய தாடைகள் வலிக்க வலிக்கச் சிரித்தன.

"பு... புழு ஈறுல இருக்கும்" என்றார் சாமி.

"அப்படியா? யாரும் குனியாதீங்க." சொல்தா புதுத் தண்ணீர் ஊற்றி, கம்பளி இல்லாமல், வாய் இல்லாமல், பேய்க்கும் அழைப்பு அனுப்பாமல், ஓட்டில் விதையைத் தூவினார். படபட! எல்லோர் கண்முன்னும் தண்ணீரில் வெள்ளைப் புழு.

கொளஞ்சி ஒன்றை எடுத்து நகத்தால் நசுக்கினாள். "அடச்சீ! கண்டங்கத்திரி விதையோட பருப்புய்யா இது!"

கூட்டம் சாமியை நெருங்கியது. "அடிக்காதீங்கப்பா, பாவம்! தாடை வலிக்கும்" என்று சொல்தா தடுத்தார். சாமி ஞானக்கண் உட்பட மூன்று கண்ணாலும் வழி பார்த்து ஓடினார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் புஷ்பமேரியின் காதுக்கு முன்னால் விரல் வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். "பல்லு நல்லாருக்கு. தாடை மூட்டும் சதையும்தான் களைச்சிருக்கு. பூ கட்டுறப்ப நாரை எதால அறுப்பீங்க?"

அவள் யோசிக்காமல் வலது கடைவாயைத் தொட்டாள். பதினைந்து வருஷம், நாளெல்லாம், அதே பக்கம்!

மந்திரம் இவ்வளவுதான்: நாரைக் கடிக்காதே. கொஞ்ச நாள் குழைந்த சோறு. கன்னத்தில் வெதுவெதுப்பான ஒத்தடம். கொட்டாவி வந்தால் மோவாயைக் கையால் தாங்கு. சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவேண்டாம். குறையாவிட்டால் திரும்ப வா.

சொல்தா ஒரு சின்னக் கத்தரிக்கோல் வாங்கித் தந்தார். ஒன்றரை மாதத்தில் மூன்று விரல் நுழைந்தது. "மல்லீ!" என்று அவள் முதல் தடவை கூவியபோது மீன்கடைப் பக்கத்திலிருந்தும் திரும்பிப் பார்த்தார்கள். தெய்வசிகாமணி அடுத்த மழைக்குக் குடை ரிப்பேருக்கே திரும்பினார். முதல் குடையைக் கொடுத்தவர் சொல்தா.

நானும் சாமி கும்பிடுகிறவன்தான். அதனால்தான் சொல்கிறேன்: டாக்டர் ஓய்வு கொடுக்கச் சொன்னது தாடைக்கு. மூளைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி எந்த டாக்டரும் சீட்டு எழுதவில்லை. அதை நாமாகத்தான் கொடுத்திருந்தோம்.