மினாராவில் பறந்த சாறன்

வெளிநாட்டிலிருந்து வந்தவனுடைய பெட்டியை அவன் திறப்பதில்லை. ஊர்தான் திறக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைப் பக்கம் இது எழுதாத சட்டம். மாமிமார், சாச்சிமார், அயல்வீட்டார் எல்லோரும் பெட்டியைச் சுற்றிப் பாயில் உட்காருவார்கள். சவர்க்காரம், சாரித்துணி, தைலப்போத்தல் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். வந்தவன் ஓர் ஓரத்தில் பிளேன்டீக் கோப்பையோடு உட்கார்ந்து தன்னுடைய மானமும் வெளியே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். (பெட்டியைப் பூட்டி வைத்தவனைப் பற்றி ஊர் என்ன கதைக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.)

என்னுடைய மானம் ஒரு பெல்ட்டாக வெளியே வந்தது.

சாதாரண பெல்ட் அல்ல. இடுப்பைச் சுற்றி அகலமான பட்டி, தொடைகளை நுழைக்க இரண்டு வளையங்கள், முன்னால் பெரிய இரும்புக் கொளுக்கி. குவைத்தில் நான் இதைக் கட்டிக்கொண்டு எண்ணெய்த் தாங்கிகளின் வெளிப்பக்கத்தில் தொங்கிப் பெயின்ட் அடித்தேன். கொளுக்கியில் எட்டு என்ற இலக்கம் போல ஓர் இரும்பு மாட்டியிருக்கும். அதற்குள் கயிற்றைச் சுற்றிப் பிடித்தால் நின்ற இடத்தில் நிற்கலாம், கொஞ்சம் விட்டால் இறங்கலாம். லீவில் போகும்போது பெல்ட்டைக் கம்பனியில் விட்டுப்போனால் வேறொருவன் கட்டித் தேய்த்துவிடுவான், திரும்பி வருகிறவனுக்கு எவனோ பழசாக்கியதுதான் கிடைக்கும். என் உயிர் தொங்கிய பெல்ட்டை எப்படி விட்டு வருவது? கயிற்றையும் சேர்த்துப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு வந்தேன்.

நான் தொங்குகிறேன் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. போன புதிதில் ஒரு படம் அனுப்பியிருந்தேன். இஞ்சினியர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்து அவருடைய கதிரையில் உட்கார்ந்து, டெலிபோனில் கைவைத்து எடுத்த படம். அழகாக இருக்கட்டும் என்றுதான் அனுப்பினேன். வாப்பா அதற்குச் சட்டம் போட்டு முன்மண்டபத்தில் மாட்டி, ‘மகனுக்கு ஏசி ஒபிஸ்ல வேலை’ என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். அவர் சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்தவர். ஆயுள் முழுக்க வெயிலில் நின்ற மனிதருக்கு, மகன் குளிரில் உட்கார்ந்திருக்கிறான் என்பதில் இருந்த சந்தோஷத்தை நான் எப்படிக் கெடுப்பேன்?

பெட்டிக்கு வருவோம். சின்ன மாமிதான் பெல்ட்டை முதலில் தூக்கினார். தொடை வளையங்களை விரித்துப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“மகன், இது எப்ப இருந்து?”

“எது மாமி?”

“மறைக்காதீங்க மகன். எங்கட மூத்தவருக்கும் குடலிறக்கம் வந்து இப்படிப் பட்டிதான் கட்டினவர். இதுல என்ன வெக்கம் இரிக்கி.”

பாயில் இருந்த அத்தனை பேரும் என் இடுப்பைப் பார்த்தார்கள். அந்தக் கிழமைதான் சாய்ந்தமருதிலிருந்து எனக்குப் பெண் பேசி வந்திருந்தார்கள். பெண்ணின் பெயர் ஜெசீமா. சின்ன மாமி வாசலைத் தாண்டிப் போனால் செய்தி சாய்ந்தமருதுக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் ஏசி ஒபிஸ் போய்விடும். சொல்லாவிட்டால் பெண் போய்விடும்.

“இது வருத்தத்துக்கு இல்ல மாமி, விளையாட்டுக்கு. வெள்ளைக்கார மனேஜர்மாரு வெள்ளிக்கிழமையில இதக் கட்டிக்கிட்டு மலை ஏறுவானுகள். என்னையும் கூட்டிப் போவானுகள்.”

மாமி நம்பவில்லை. வாப்பா நம்பினார். இதுதான் என் வாழ்க்கையின் பெரிய கஷ்டம். அன்றைக்கு அஸர் தொழுகைக்குள் ‘மகன் மனேஜர்மாரோட மலை ஏறுறவன்’ என்பது கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. குடலிறக்கமும் பக்கத்துத் தெருவால் சாய்ந்தமருதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்கள் ஊரில் மலை கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். உயரமாக இருந்தவை தென்னைகளும் பள்ளிவாசல் மினாராவும்தான். முன்பு அடித்த சூறாவளியில் பள்ளியின் ஒலிபெருக்கி கடல்பக்கம் திரும்பிவிட்டது. அதன்பிறகு எங்கள் பாங்கு மீன்களுக்குத்தான் நன்றாகக் கேட்டது. மினாராவின் மேலே சின்ன மாடம் ஒன்று உண்டு. ஒலிபெருக்கி அதற்குக் கீழே, கை எட்டாத இடத்தில். ஏணியும் எட்டாது. நோன்பு வேறு வரப்போகிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளி நிர்வாகம் பார்க்கிற மரைக்காயர் இந்தக் கவலையைச் சபையில் சொன்னார். பெண்ணின் வாப்பாவும் அன்றைக்கு எங்கள் பள்ளிக்குத்தான் வந்திருந்தார், மாப்பிள்ளை எப்படி நடக்கிறான் என்று பார்க்க. (நான் வேண்டுமென்றே நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அவருக்குச் சந்தேகம் கூடியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.) வாப்பா எழுந்து நின்றார்.

“எங்கட மகன் ஏறுவான். அவனுக்கு மலையே விளையாட்டு.”

சாறனை மாற்றிக் களிசான் போட்டுவரக்கூட யாரும் விடவில்லை. தம்பி ஓடிப்போய் பெல்ட்டையும் கயிற்றையும் கொண்டுவந்தான். சாறனை மடித்துக் கட்டி, உள்ளே கட்டைக் களிசான் இருக்கிற தைரியத்தில் பெல்ட்டை அதற்கு மேலேயே இறுக்கினேன். மாடத்தில் கயிற்றைக் கட்டி வெளியே இறங்கினேன். கீழே ‘அல்லாஹ்’ என்று ஒரு சத்தம். எனக்கு அது தேனாக இருந்தது. ஒலிபெருக்கியை ஊர்ப்பக்கம் திருப்பி, ஆணியை முறுக்கி, வயரையும் சரிசெய்தேன். அந்த மட்டில் மேலே ஏறியிருந்தால் நான் இன்றைக்கு மரியாதையான மனிதன். ஆனால் மாமனாராக வரப்போகிறவர் கீழே நிற்கிறார். நிலம்வரைக்கும் ஒரே இறக்கமாக இறங்கிக் காட்டுவோம் என்று கயிற்றை விட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் அந்த எட்டு இரும்பு என் சாறனைத் தின்னத் தொடங்கியது. மடிப்பின் நுனி கயிற்றோடு சேர்ந்து இரும்புக்குள் போய் இறுகிவிட்டது. கீழேயும் போகமுடியாது, மேலேயும் போகமுடியாது. மினாராவின் நடுவில் மணிபோல் தொங்கினேன். முதலில் இது வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள். பிறகு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மீன்வலை பிடிப்போம் என்றார் ஒருவர். வைக்கோல் கொட்டுவோம் என்றார் மற்றவர். இப்படியே அஸர் நேரம் வந்துவிட்டது.

பாங்கு சொல்கிற மோதினார் நல்ல மனிதர். ஒலிபெருக்கி என் தலைக்கு நேர்மேலே இருப்பதை நினைத்து, பாங்குக்கு முன்னால் அதிலேயே அறிவித்தார்: “மினாராவில தொங்குற தம்பிக்கு, பாங்கு சொல்லப் போறன், காதப் பொத்திக்கங்க.” நான் சரிசெய்த ஒலிபெருக்கி மிக நன்றாக வேலைசெய்தது. அதுவரை விஷயம் தெரியாமல் இருந்த தெருக்களும் புறப்பட்டு வந்தன.

தொழுது முடித்து எல்லோரும் திரும்பவும் முற்றத்தில் கூடினார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. வாப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேர்கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். தொப்பி விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

“மகன், நோகுதா?”

அப்படியொரு குரலை அவரிடமிருந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. அவரை ஆறுதல்படுத்த வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

“ஒண்டுமில்ல வாப்பா, பயப்படாதீங்க. அங்க விடிஞ்சதிலிருந்து பொழுதுபடுமட்டும் இப்படித் தொங்கித்தானே டாங்கிக்குப் பெயின்ட் அடிக்கிறன். எனக்கு இது பழக்கம்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. வாப்பா மெல்ல நடந்துபோய், தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்கிற ஹவுள் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோதினார் மாடத்திலிருந்து நூலில் கட்டிப் பேனாக்கத்தி இறக்கினார். கயிற்றில் படாமல் சாறனை அறுத்துக்கொண்டு கட்டைக் களிசானோடு ஊர்முன் இறங்கினேன். கடற்காற்று சாறனைக் கொண்டுபோய் மினாராவின் கம்பி ஒன்றில் மாட்டிவிட்டது. அதை எடுக்கக்கூடிய ஒரே ஆள் நான். வாப்பா இனி ஏறவேகூடாது என்றுவிட்டார். கடற்கரைப் பள்ளியில் வருஷாவருஷம் விழாவுக்குக் கொடியேறுகிற ஊர் அல்லவா எங்களுடையது, ‘இந்த வருஷம் ரெண்டு கொடியேத்தம்’ என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மாரி மழையில் நைந்து போகும்வரை என் சாறன் அங்கேதான் பறந்தது.

பெண்ணின் வாப்பா மட்டும் திருப்தியாகப் போனார். ‘குடலிறக்கம் உள்ள ஆள் இவ்வளவு நேரம் தொங்க ஏலாது’ என்று அவரே சாட்சி சொல்லிக் கலியாணத்தை நிச்சயித்தார்.

அன்றைக்கு மஃரிப் தொழுகைக்குப் பிறகு வாப்பா முன்மண்டபத்துப் படத்தின் முன்னால் நின்றார்.

“இந்தக் கதிரை ஆருட, மகன்?”

“இஞ்சினியர்ட, வாப்பா.”

“டெலிபோன்?”

“அதுவும்தான்.”

படத்தை அவர் கழற்றவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கலியாணம் முடிந்து நான் புறப்பட வேண்டிய நேரம் பெல்ட்டைக் காணவில்லை. வீட்டையே புரட்டினோம். எல்லோரையும்விட வாப்பாதான் மும்முரமாகத் தேடினார். கட்டிலுக்குக் கீழே மூன்றுமுறை குனிந்தார். நான் சின்ன மாமிமேல் சந்தேகப்பட்டேன். பஸ்ஸடிக்கு வந்தபோது வாப்பாவின் முகம் தெளிந்திருந்தது. பஸ் அசையும்போது யன்னலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“பெல்ட் இல்லாட்டி ஒசக்க ஏத்த மாட்டானுகள் தானே மகன்?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூத்தவள் ராத்தா சீதன வீட்டோடு கலியாணம் முடித்துவிட்டாள், தங்கச்சிக்கு இன்னும் வீடு கட்டவில்லை. வீடு கட்டாமல் எங்கள் பக்கம் பெண்ணைக் கொடுக்க முடியாது. அது வாப்பாவுக்கும் தெரியும்.

“ஓம் வாப்பா. இனிக் கீழதான் வேலை.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். குவைத்தில் எவனோ தேய்த்த பழைய பெல்ட்டைத் தந்தார்கள். கட்டிக்கொண்டு தொங்கினேன். அடுத்த வருஷம் வாப்பா மௌத்தான செய்தி வந்தபோதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தேன். கால் நிலத்தில் பட்டபிறகு சொல்லலாம் என்று போர்மன் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். ஜனாஸாவுக்கு வர முடியவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் நான் பல்ப் மாற்ற ஸ்டூலில் ஏறினாலே ஜெசீமா, “இறங்குங்க, கொடியேத்தம் முடிஞ்சிது” என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் எங்கள் வீட்டுப் பகிடிகளில் பெரியது அது அல்ல. உம்மா இருந்தவரைக்கும் சொன்னது ஒன்று இருக்கிறது.

தங்கச்சியின் வீடு முடிந்து நான் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது உம்மா நெல் அறையிலிருந்து அந்தப் பெல்ட்டை எடுத்துத் தந்தார். கட்டிப் பார்த்தேன், இடுப்பில் ஏறவில்லை. பட்டி என் அளவைவிட உள்ளே இழுத்து இறுக்கப்பட்டிருந்தது.

உம்மா சிரிக்கத் தொடங்கினார். “உங்கட வாப்பா கட்டினவர் மகன். நீங்க போய்க் கொஞ்ச நாள்ல, நெல்லறைக் கூரை வளையில கயித்தக் கட்டி, பெல்ட்டக் கொழுவி, நிலத்துக்கு ஒரு சாண் மேல தொங்கிக்கிட்டிருக்காரு, நம்மட மனிசன். எனக்கு உயிரே போயிட்டு. என்ன செய்றீங்க எண்டு கேட்டன். புள்ளைக்கு எப்படி இரிக்கும் எண்டு பாக்கன் எண்டார். நோகுதா எண்டு கேட்டன். ஓம் எண்டார். அப்ப இறங்குங்களன் எண்டன்.”

சொல்லிக்கொண்டே முக்காட்டால் கண்ணைத் துடைத்தார்.

“கொஞ்சம் இரி புள்ள, அவன் பொழுதுபட்டுத்தானே இறங்குவான் எண்டார்.”