ராணுவத்தைக் கூட்டிவந்த கர்னல் பாய்

பனிமலையையும் பாலைவனத்தையும் சமாளித்துவிட்டு வந்த ஒரு ராணுவ லாரியை, வெறும் பாசத்தாலேயே படுக்க வைக்க முடியும் என்று நிரூபித்தவர் ஆம்பூரில் எங்கள் எதிர்வீட்டுக் கர்னல் பாய். எதிரி நாட்டாரால் ஆகாத காரியம். அவர் ஒரு ஸ்பானரும் கொஞ்சம் ஆட்டுக் கொழுப்பும் வைத்துக்கொண்டு செய்து முடித்தார்.

கர்னல் என்றதும் முறுக்கு மீசையைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். வாலிப வயதில் வேலூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது வரிசையில் போய் நின்றார். எவ்வளவு மூச்சை இழுத்துப் பிடித்தும் மார்பு விரியவில்லை, அனுப்பிவிட்டார்கள். ராணுவத்துக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான். விரியாத நெஞ்சோடு ஊர் திரும்பி, ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங் வேலையில் சேர்ந்தார். அதே கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் எனக்கு. அவர் வெட்டியதில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். அந்த வகையில் பார்த்தால் பல வருஷம் சும்மா உட்கார்ந்து வாங்கிய சம்பளம்.

ஓய்வு பெறப் போகும் சமயத்தில், கம்பெனி ஷெட்டுக்குத் தார்ப்பாய் வாங்கிவரச் சொல்லி, ராணுவத்தில் கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விடும் இடத்துக்கு அவரை அனுப்பினார்கள். பாய் தார்ப்பாய் வாங்கினார். அது போர்த்தியிருந்த லாரியையும் தன் கைக்காசில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

தெருவே கூடிவிட்டது. "இன்னா பாய் இது?" என்றேன்.

"ராணுவம் என்னை எடுக்கல தோஸ்த். நான் ராணுவத்த எடுத்துக்கினு வந்துட்டேன்."

அன்று சாயங்காலமே டீக்கடையில் அவருக்குக் கர்னல் பதவி வழங்கப்பட்டது. அவருடைய மனைவி ஷமீம் பாபி மட்டும் வாசற்படியில் நின்று லாரியை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கு இன்னா தீனி போடணும்?"

"டீசல்."

"எவ்ளோ?"

கர்னல் வானத்தைப் பார்த்தார். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அந்த யானை எங்கள் தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தது இப்படித்தான்.

வண்டியை 'அப்கிரேடு' பண்ணப்போவதாக அறிவித்தார். மற்றவர்கள் என்ஜினில் ஆரம்பிப்பார்கள். இவர் ஆம்பூர்க்காரர், தோலில் ஆரம்பித்தார். ஏற்றுமதியில் கழிந்த துண்டுத் தோல்களை வாங்கிவந்து கேபின் முழுக்க வேலை நடந்தது. சீட்டுக்கு, வெளிநாட்டுச் சீமாட்டிகளின் பூட்ஸாகப் போயிருக்க வேண்டிய தோல். ஸ்டியரிங்குக்கு ஆட்டுத்தோல் உறை, உள்ளங்கை வியர்க்காதாம். கூரைக்கும் மெத்தென்று தோல் வைத்துத் தைத்தார். அங்கே யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டேன்.

"வண்டி குதிச்சா தல அங்கதான தோஸ்த் போயி உக்காரும்!"

உண்மைதான். முதல் சவாரியிலேயே என் தலை அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வந்தது.

வண்டி ராணுவப் பச்சையில் இருந்தது. அந்த நிறத்தில் வெளியாட்கள் ஓட்டக்கூடாது என்று பிரேக் இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். கர்னல் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார். ஷூவுக்கு அடிக்கிற பழுப்பு நிறச் சாயத்தை ஸ்ப்ரே பண்ணி, மேலே பாலிஷ் போட்டுத் துணியால் தேய்த்துக்கொண்டு போய் நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, கதவுப் பளபளப்பில் முகம் பார்த்துத் தலையை வாரிக்கொண்டார்.

"இன்னா பாய் இது, லாரியா ஷூவா?"

"ஷூன்னே வெச்சிக்கோங்க சார். சைஸுதான் கொஞ்சம் ஜாஸ்தி."

மனிதர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார். இதோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. கர்னல் அடுத்தபடியாக என்ஜினுக்குள்ளும் தோலை நுழைத்தார்.

என்ஜின் சூடாகாமல் இருக்க முன்னால் ஒரு விசிறி சுற்றும். அதைச் சுற்ற வைப்பது ஒரு ரப்பர் பெல்ட். அந்த பெல்ட் ஒருநாள் அறுந்தது. புதிது வாங்கலாமே என்றேன். கர்னல் என்னை ஒரு பரிதாபப் பார்வை பார்த்தார்.

"ரப்பர்னா இன்னா தோஸ்த்? மரத்துப் பாலு. அத நம்பி வண்டி ஓட்ட முடியுமா? தோலுன்னா ஒரு எருமையே அதுக்குள்ள நடமாடிக்கினு இருந்துச்சி."

"எருமை ஓடி நான் பாத்ததில்லயே பாய்."

"ஓடாது. ஆனா நிக்காது."

நல்ல கெட்டியான எருமைத் தோலை வார் வாராக வெட்டி, இரட்டையாக வைத்துத் தைத்து மாட்டினார். தோல் விறைத்துப்போகாமல் இருக்க அதற்கு ஆட்டுக் கொழுப்பு தடவினார். என்ஜின் சூட்டில் கொழுப்பு உருகும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைக் கிளப்பினால் போதும், தெருவெல்லாம் சுக்கா வறுவல் மணக்கும். நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு பஜார் வரை பின்னாலேயே வரும். கறிக்கடைக்காரர் தன் கடை வாசலுக்கு ஒரு நாயும் வருவதில்லை என்று வருத்தப்பட்டார். பிரியாணி தின்ன வந்த வெளியூர்க்காரர் ஒருவர் வாசனையைப் பிடித்துக்கொண்டே நடந்துவந்து, லாரிக் கதவைத் தட்டி, "ஒரு பிளேட் எவ்ளோங்க?" என்று கேட்டார்.

ஒரே ஒரு குறை. சூடு ஏற ஏறத் தோல் நீண்டு, பெல்ட் தொளதொளவென்று ஆகி, விசிறி தூங்கிவிடும். கர்னல் இறங்கி அதை இறுக்க வேண்டும். அதனால் தோல் பெல்ட் மாட்டியதிலிருந்து அந்த லாரி ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. கேட்டால், "ராணுவம்னா எல்லைல நிக்கணும்" என்பார்.

அப்புறம் மகள் நஸ்ரினுக்கு வாணியம்பாடியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். சம்பந்தி வீட்டார் வந்த அன்று, அவர்கள் கார் லாரியைத் தாண்ட முடியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. பெரியவர்கள் எல்லாம் லாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நடந்து வந்தார்கள். சம்பந்தி அம்மாளின் வெள்ளைத் துப்பட்டாவில் ஒரு முழத்துக்குப் பழுப்பு பாலிஷ் ஏறிவிட்டது. அவர்கள் தலை மறைந்ததும் பாபி வாசலுக்கு வந்தார்.

"இந்த வூட்டு முன்னாடி ஒண்ணு அந்த வண்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும். இன்னா சொல்றீங்க?"

உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். கர்னல் ஒரு கணம் யோசித்துவிட்டார்.

அந்த ஒரு கணத்துக்கு அவர் பட்டபாட்டை எழுதினால் இந்தப் பத்திரிகை தாங்காது. கடைசியில் என்னைச் சாட்சியாக வைத்து ஓர் உடன்பாடு ஏற்பட்டது. நிக்காஹ் முடிந்ததும் மகளின் கட்டிலும் பீரோவும் வாணியம்பாடி போக வேண்டும். கர்னல் அவற்றைத் தன் லாரியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்றார். பாபி விரலை நீட்டினார்.

"நிக்காம போயி சேந்துச்சின்னா இருந்துட்டுப் போவட்டும். நடுவுல நின்னுச்சி, உங்க கையாலயே ஓட்டினு போயி வேலூர் காயலாங்கடைல வுட்டுட்டு வரணும்."

"வாக்கு," என்றார் கர்னல்.

அந்த நாளுக்கென்றே ஒரு புது பெல்ட் தைத்தார். எருமைகளிலேயே தலைசிறந்த எருமையாம். பீரோ சாயாமல் பிடித்துக்கொள்ள நான் பின்னால் ஏறினேன். லாரி ஊர் எல்லையைத் தாண்டியபோது கர்னல் ஹாரன் அடித்துக் கொண்டாடினார். மின்னூர் நெருங்கும்போது சுக்கா வாசனை தீய்ந்த வாசனையாக மாறியது. முன்னால் 'சடார்' என்று ஒரு சத்தம். வெள்ளைப் புகைக்கு நடுவே லாரி மெதுவாக ஓரம் கட்டி நின்றது. முன்பின் அறிமுகமில்லாத மின்னூர் நாய்கள் நாலாபக்கமிருந்தும் வந்து சூழ்ந்துகொண்டன.

நல்லவேளையாகத் தோல் மண்டிக்குச் சரக்கு ஏற்றிப்போன ஒரு லாரி நின்றது. உப்புப் போட்ட பச்சைத் தோல் குவியலின் மேல் மகளின் கட்டிலும் பீரோவும் ஏறின. மாப்பிள்ளை வீட்டு வாசலில் அந்த நாற்றத்தோடு நான் போய் இறங்கியபோது மானம் போயிற்று என்றுதான் நினைத்தேன். சம்பந்தி தோல் வியாபாரி. கிட்டே வந்து மூச்சை ஆழ இழுத்தார்.

"ஈரோட்டு சரக்கு போலகீதே. ரொம்ப சுத்தமான உப்பு," என்றார் திருப்தியாக.

மானம் தப்பியது. லாரி தப்பவில்லை. மின்னூரிலிருந்து அதைக் கயிறு கட்டி ஊருக்கு இழுத்து வந்தோம். காயலாங்கடைக்காரர் அடுத்த வாரம் கொண்டுவரச் சொன்னார். அந்த ஒரு வாரமும் கர்னல் வண்டிப் பக்கம் திரும்பவேயில்லை. வேலையும் இல்லை, வண்டியும் இல்லை, கை சும்மா இருக்குமா? சமையலறைக்குள் நுழைந்துவிட்டார்.

முதலில் மிக்ஸியைப் பிரித்து சுத்தம் செய்தார். மாட்டும்போது நாலு ஸ்க்ரூ மிச்சம். "ஜாஸ்தியா போட்டு வெச்சிருக்கான்," என்றார். பிறகு அரிவாள்மணைக்குக் கட்டிங் கத்திக்கு வைக்கிற சாணை பிடித்தார். அடுத்த வேளை வெங்காயத்தோடு பலகையும் கொஞ்சம் வெட்டுப்பட்டது. உச்சகட்டமாக, பிரஷர் குக்கரின் ரப்பர் வளையத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தோலில் ஒன்று வெட்டி மாட்டினார். பாபி எங்கள் வீட்டுக்குக் குக்கர் இரவல் கேட்டு வந்தபோது சொன்னது இதுதான்: "சோறு புது செருப்பு மாரி மணக்குது தம்பி. இந்த மனுசனுக்கு இதுல உப்பு வேற கம்மியாம்!"

வேலூருக்குக் கிளம்பும் நாள் வந்தது. பாபி என்னையும் கூப்பிட்டார். "நீங்களும் வாங்க தம்பி. இல்லன்னா எங்கனா ஒளிச்சி வெச்சிட்டு வந்துடுவாரு." கர்னல் கடைக்குப் போய் ஒரு ரப்பர் பெல்ட் வாங்கிவந்து மாட்டினார்.

முதல் தடவையாக பாபி அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஓரத்தில் நான். ஒரு வாசனையும் இல்லை, ஒரு நாயும் வரவில்லை. மரத்துப் பாலின் மகிமை, லாரி வெண்ணெயாக ஓடியது. மாதனூர் போயிற்று, பள்ளிகொண்டா போயிற்று. சூடு காட்டும் முள் அசையவே மாட்டேன் என்றது. எங்கேயாவது நின்று தொலையேன் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். கர்னல் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். ஹாரனை அவர் தொடவேயில்லை, பார்க்கச் சகிக்கவில்லை.

காயலாங்கடை மேட்டின் மேல் இருந்தது. கர்னல் என்ஜினை அணைத்தார். கடைக்காரர் கேபினுக்குள் எட்டிப் பார்த்து, "இந்தத் தோலையெல்லாம் முதல்ல கிழிச்சிப் போட்டுடுப்பா," என்று ஆளிடம் சொன்னார். ஆள் கத்தியோடு ஏறினான்.

"கிழிக்காத தம்பி, பாவம்," என்றார் கர்னல். "தையல் எங்கருந்து பிரியும்னு நான் காட்டறேன்."

கத்தியை வாங்கிக்கொண்டு சீட்டின் மேல் குனிந்தார். எத்தனை ஆயிரம் தோல்களை நூல் பிசகாமல் வெட்டிய கை! அன்று அவரே போட்ட தையல் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கம் தடவினார், அந்தப் பக்கம் தடவினார்.

பாபி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போய் அந்தக் கத்தியைப் பிடுங்கினார்.

"ஏறுங்க வண்டில."

"எங்க?"

"வூட்டுக்கு."

"ஷமீம், நான் வாக்கு குடுத்துருக்கேன்."

"யாருக்குக் குடுத்தீங்க? எனக்குத்தான? எனக்கு வேணாம், நீங்களே வெச்சிக்கோங்க. இன்னிக்கி குக்கரு, நாளிக்கி ஃபிரிட்ஜப் பிரிப்பீங்க. உங்க பேஜாருக்கு இந்த சனியனே தேவலாம்!" என்று கத்தினார். கத்தும்போது குரல் உடைந்துவிட்டது.

கர்னல் ஒரே தாவலில் ஸ்டியரிங் முன்னால் இருந்தார். சாவியைத் திருப்பினார். பேட்டரி 'கிர்ர்' என்று ஒரு முறை முனகி அடங்கிவிட்டது. சாயங்காலம் வரை திருப்பினாலும் அவ்வளவுதான். வேறு வழியில்லை. கடைக்காரர், கத்தியோடு வந்த ஆள், அவன் கூட்டாளிகள், நான் என்று எல்லோரும் பின்னால் கை கொடுத்தோம். பாபியும் புர்காவின் கையை முழங்கை வரை ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். "கர்னலாம் கர்னலு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவர் தள்ளிய தள்ளில்தான் வண்டி நகர்ந்தது என்று இன்றுவரை நம்புகிறேன்.

மேட்டிலிருந்து உருண்டு, இருமி, புகை கக்கி, லாரி கிளம்பிவிட்டது. நிறுத்தினால் மறுபடி படுத்துவிடும் என்ற பயத்தில் கர்னல் நிறுத்தவேயில்லை. ஜன்னல் வழியே கையை மட்டும் வெளியே நீட்டி, "ஓடி வாங்க! ஓடியாந்து ஏறிக்கோங்க!" என்று ஆணையிட்டார். பாபி சிரித்துக்கொண்டே திட்டினார், திட்டிக்கொண்டே ஓடினார். பட்டப்பகலில் வேலூர் ரோட்டில் மூச்சிரைக்க நானும் ஓடினேன். இப்படி ஒரு எதிர்வீடு அமைவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஓடிக்கொண்டே நினைத்தேன்.