பால் கொட்டகைப் பிரதமரும் ஒரு தம்போய் மரமும்

போன வாரம் கோலா சிலாங்கூர் ஆற்றங்கரையில் மீன் வாங்க நின்றேன். ஐஸ் கொட்டகைக் குழாய் எங்கோ கசிந்து அமோனியா நெடி கிளம்பியது. சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, நான் மட்டும் நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றேன். பழைய பழக்கம். அந்த நெடி வந்தால் பிரதமர் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

ஒரு ஓட்டுகூட வாங்காமல், தேர்தல் என்ற வார்த்தையையே வாயில் எடுக்காமல், எட்டு வருடம் அசையாமல் ஆண்ட பிரதமர் உலகத்திலேயே ஒருவர்தான். செரண்டாவுக்கு உள்ளே, மலையடிவாரத்து ரப்பர் தோட்டமொன்றில், ரப்பர் பால் உறையாமலிருக்க அமோனியா ஊற்றும் பால் கொட்டகையில் அவர் வேலை பார்த்தார். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ‘பார்லிமெண்டு’.

மரம் சீவிவிட்டு வாளி வாளியாகப் பால் கொண்டு வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொரு வாளியிலும் கண்ணாடிக் குழலை விட்டு, பால் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. கணக்கெழுதும் சின்னக் கிராணியான நான் அதை எழுதிக்கொள்வேன். அடுத்தவர் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீரையும் விடாத மனிதர், தன் பேச்சில் மட்டும் ஆற்றையே கலப்பார்.

அவரைக் கெடுத்தது ஒரு பஸ். தொழிற்சங்கத்துக்காரர்கள் கோலாலம்பூர் நாடாளுமன்றத்தைக் காட்ட ஆள் சேர்த்தார்கள், ஒரு இடம் காலியாக இருந்தது, இவர் ஏறினார். பார்வையாளர் மாடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். அவ்வளவுதான், ஆள் வேறாகத் திரும்பி வந்தார்.

“முப்பது பேரு ஒருத்தரைத் திட்டுறாங்க, கிராணி. அவரு தண்ணி குடிச்சுட்டு, ‘மாண்புமிகு உறுப்பினரின் கேள்விக்கு நன்றி’ங்கறாரு. ஒரு பதிலும் சொல்லலை. ஆனா ஜெயிச்சுட்டாரு லா.”

மறுநாளே கொட்டகையில் சபை கூடியது. அரசாங்கம் அவர். எதிர்க்கட்சி, மரம் சீவும் அஞ்சலை அக்கா. அக்கா வாயைத் திறந்தால் வேலை வாங்கும் மண்டோரே குடையை விரிப்பார். மற்றவர்கள் வாளி மூடியைத் தட்டும் உறுப்பினர்கள். நாடு எந்தக் கொள்கையை அறிவித்தாலும் மறுநாள் மதியம் அதற்கு எங்கள் கொட்டகையில் விளக்கம் உண்டு.

நாடு முழுவதும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்களே, அப்போது தோட்டமே கொதித்தது. “இருட்டுல மரம் எங்கேன்னு தடவிப் பார்த்தாய்யா சீவுறது?” என்றார் அக்கா.

“அரசாங்கம் கடிகாரத்தை மாத்திருச்சு. சூரியன் இன்னும் ஒத்துழைக்கலை. அதுக்கு அரசாங்கம் பொறுப்பில்லை.”

ஜப்பானைப் பார்த்துக் கற்றுக்கொள், கிழக்கே பார் என்றது நாட்டு அரசாங்கம். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். அன்று முதல் நாங்கள் அவர் முதுகைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டோம். நாட்டுக்கு ஏழு கோடி மக்கள் வேண்டும், நிறையப் பிள்ளை பெறுங்கள் என்று சொன்ன வருடம், அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தார்.

“அண்ணே, உங்களுக்கு வயசு நாப்பத்தாறு. கல்யாணமே ஆகலை. இதுல உங்க பங்கு என்ன?”

“கொள்கை வகுக்கிறது அரசாங்கம்,” என்றது முதுகு. “நிறைவேத்துறது மக்கள்.”

மூடிகள் அதிர்ந்தன. மலை எதிரொலித்தது. அப்படி ஒரு ஆட்சி.

அந்த ஆட்சிக்கு ஆபத்து ஒரு மரத்தின் உருவில் வந்தது.

தோட்டத்தின் கடைசி வரிசை முடிந்து மலை ஏறத் தொடங்கும் இடத்தில் பூர்வகுடி மக்களின் குடியிருப்பு, அவர்களுடைய கம்பம். நாங்கள் அவர்களைக் கூப்பிட்ட பெயரை இங்கே எழுதக் கூசுகிறது. அவர்கள் வீட்டில் எங்கள் ஆட்கள் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். ஆனால் மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் சோடிக்க ஆற்றுக்குப் போவது அவர்கள் கம்பத்து வழியாகத்தான். காலங்காலமாக அவர்களும் விட்டார்கள், நாங்களும் நன்றி சொல்லாமல் நடந்தோம்.

அந்த வருடம் கோயில் தலைவர் பார்லிமெண்டுதான். தீக்குழிக்கு ரப்பர் கட்டை சீக்கிரம் சாம்பலாகிறது, கெட்டி மரம் வேண்டும் என்றார்கள். மலையடியில் ஒரு பெரிய மரம் நின்றது. ரப்பர் மரங்களைப் போல வரிசையில் நிற்கவில்லை, உடம்பில் நம்பர் இல்லை. தோட்டத்தில் பிறந்தவன் கண்ணுக்கு, வரிசையில் நிற்காத மரத்துக்குச் சொந்தக்காரன் கிடையாது. “வெட்டுங்க,” என்றார் பார்லிமெண்டு.

அது தம்போய் என்ற பழ மரம். கம்பத்துத் தலைவரான தோக் பாத்தினுடைய தகப்பனார் பிறந்த அன்று நட்டது. பாத்தின் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் காலையில் ஆற்று வழியில் மூங்கில் வேலி நின்றது. சுற்றிப் போனால் ஏழு கட்டை, அதாவது ஏழு மைல் தூரம். திருவிழாவுக்கு நான்கு நாள்.

அந்த வருடம் கரகம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தவர் அஞ்சலை அக்கா. அவர் மகள் பிரசவத்தில் செத்துப் பிழைத்தாள், அந்த நேர்த்திக்கடன். சபை கூடியதும் கேட்டார். “மரத்தை வெட்டச் சொன்னது யாரு?”

பார்லிமெண்டு எழுந்தார். அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த பேச்சு அது. பத்திரம் உண்டா, நம்பர் உண்டா என்றார்; வளர்ச்சி என்றார்; தெய்வ காரியம் என்றார். அரை மணி நேரத்தில் யார் வெட்டச் சொன்னது என்பது மட்டும் வரவில்லை. மூடிகள் நெளியும் அளவுக்குத் தட்டினார்கள்.

சத்தம் அடங்கியதும் அக்கா சொன்னார். “ஜெயிச்சிட்டீங்கண்ணே. வழி தொறந்துச்சா?”

நாற்காலி கிழக்கே திரும்பிய பிறகு முதல் முறையாக அரசாங்கம் திரும்பி எங்களைப் பார்த்தது.

அன்று சாயங்காலம் கோட்டு போட்டுக்கொண்டு கம்பத்துக்குக் கிளம்பினார். என்னையும் இழுத்துப் போனார். பாத்தின் வீட்டு வாசலில் பிரம்பு சீவிக்கொண்டிருந்தார். பார்லிமெண்டு நின்றபடி, செய்தியில் கேட்கும் மலாயில் தொடங்கினார்: மாண்புமிகு தோக் பாத்தின் அவர்களே, இரு சமூகங்களின் நல்லுறவு, நாட்டின் ஒருமைப்பாடு. கொசு என்னைத் தின்று முடிக்கும்வரை பேசினார்.

பாத்தின் தலை நிமிராமல் கேட்டார். “அந்தப் பழம் சாப்பிட்டிருக்கியா?”

“இல்லை.”

“நல்லா இருக்கும்,” என்று சொல்லிவிட்டு மறுபடி பிரம்பைச் சீவினார்.

பிரதமர் கோட்டோடு தரையில் உட்கார்ந்தார். எனக்கே சரியாகக் கேட்காத குரலில், “வெட்டச் சொன்னது நான்தான்,” என்றார்.

வீட்டம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கொண்டுவந்து வைத்தார். நான் பார்லிமெண்டைப் பார்த்தேன். அவர் ஒரு துண்டு எடுத்தார். பிறகு இன்னொன்றும் எடுத்தார். நானும் எடுத்தேன்.

பாத்தின் அவரைப் பார்த்தார். “இங்க சொன்னா எனக்கு மட்டும்தான் கேக்குது. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி நீ பேசுற இடம் ஒண்ணு இருக்காமே.”

மறுநாள் மதியம் பாத்தினும் கம்பத்து ஆட்கள் பத்துப் பேரும் கொட்டகைக்கு வந்து, கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்தார்கள். வாளி இல்லாத உறுப்பினர்கள் நின்றார்கள். தோட்டமே திரண்டிருந்தது. பார்லிமெண்டு எழுந்து தண்ணீர் குடித்தார்.

முதலில் கொள்கைகளைக் காப்பாற்றினார். கடிகாரம் சரி என்றார், கிழக்கு சரி என்றார், ஏழு கோடியும் சரி என்றார். “இதுல ஒண்ணுலயும் அரசாங்கம் பின்வாங்காது,” என்றார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார்.

பிறகு நாற்காலியைக் கம்பத்து ஆட்கள் பக்கம் திருப்பினார்.

“மரம் விஷயத்துல அரசாங்கம் தப்பு பண்ணிருச்சு. அரசாங்கம்னா நான்தான். வேற யாரும் இல்லை. இவங்க வழியில இத்தனை வருசம் நடந்தோம். இவங்க மரத்தை வெட்டுனோம். இவங்களை ஒரு பேரு சொல்லிக் கூப்பிட்டோம். மரத்தைத் திரும்ப நிறுத்த என்னால முடியாது. அந்தப் பேரை இன்னையோட நிறுத்துவோம். வெட்டுன கட்டை ஒண்ணுகூட நெருப்புல விழாது. நானே தூக்கிட்டு வந்து கொடுக்கிறேன். மன்னிச்சுக்குங்க, தோக்.”

இதையே மலாயிலும் சொன்னார். இந்த முறை செய்தி மலாய் இல்லை. செரண்டா சந்தையில் பேசும் மலாய்.

எட்டு வருடமாக அரசாங்கத்துக்கு ஒரு முறைகூடக் கை தட்டாத எதிர்க்கட்சி, தன் வாளி மூடியை எடுத்து ஓங்கித் தட்டியது. அடுத்த நொடி தோட்டமே தட்டியது. வாளி, மூடி, தகரம், தூண், முன்னால் நின்றவன் முதுகு. ஆபீசிலிருந்து தோட்டத்து மேனேஜர் தொரை எட்டிப் பார்த்தார். கம்பத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டே தாங்கள் உட்கார்ந்திருந்த வாளியைத் தட்டினார்கள். பாத்தின் எழுந்தார்.

“வேலியை நீங்க பிரிக்க வேணாம்,” என்றார். “கட்டினவங்க நாங்க, நாங்களே பிரிக்கிறோம்.”

அன்றே பன்னிரண்டு பேர் மரத்தைத் துண்டு துண்டாகச் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தோம். முதல் துண்டின் முன்பக்கம் பார்லிமெண்டின் தோளில். நாற்பத்தைந்து கிலோ உடம்பு கட்டைக்குக் கீழே வில்லாக வளைந்தது; வாய் மட்டும், “வழி விடுங்க, அரசாங்கம் வருது,” என்றது.

திருவிழா அன்று ஆற்றங்கரையில் உறுமி கிளம்பியது. அஞ்சலை அக்கா தலையில் கரகம், வேப்பிலையும் பூவுமாக, ஒரு சின்ன மலை நடந்து வருவதுபோல வந்தது. மகள் கைக்குழந்தையோடு கூடவே நடந்தாள். எல்லோருக்கும் முன்னால் பாத்தின், கரகத்தில் கிளை இடிக்காதபடி பாராங் கத்தியால் வெட்டி ஒதுக்கிக்கொண்டே போனார். கம்பத்துப் பிள்ளைகள் தாளத்துக்கு ஆடினார்கள். சீக்கிரம் சாம்பலாகும் என்றிருந்த ரப்பர் கட்டையே கடைசிவரை கனன்றது; அக்கா அதில் பூ மிதித்த மாதிரி நடந்தார். அதற்குப் பிறகு பார்த்த எந்தத் திருவிழாவும் எனக்கு அந்தத் திருவிழாவின் பாதிகூட இல்லை.

எல்லாம் முடிந்து, கம்பத்து ஆட்களை வழியனுப்ப அவரும் நானும் கடைசி ரப்பர் வரிசைவரை நடந்தோம். அவர் கோட்டில் மஞ்சளும் சாம்பலும் அப்பியிருந்தன.

“நாளைக்குக் காலையில வா,” என்று பார்லிமெண்டிடம் சொன்னார் பாத்தின். “தம்போய்க் கன்று நாலு இருக்கு. குழி தோண்ட ஆள் வேணும்.”

“வர்றேன், தோக். சாப்பிடாமத்தான் வருவேன், உங்க வீட்டுலதான் சாப்பாடு, பார்த்துக்குங்க.”