பன்னிரண்டரை மணிக்கு வழி மாறிய வேன்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வரி போட்டிருக்கிறேன். போட்ட இடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. என் வேலை, வேன்களைக் கவனிப்பது. வயது இருபத்தெட்டு (அறிவு அதைவிடக் கொஞ்சம் கம்மி).

ஜி.பி.எஸ். என்ற பேச்சே ஊருக்குப் புதிதாக இருந்த காலம். சாயப்பட்டறைக்கும் தையல் யூனிட்டுக்கும் நடுவே எங்கள் வேன்கள் ஊர் சுற்றுகின்றன என்று முதலாளியை நச்சரித்து, நாலு வேனிலும் கருவி மாட்ட வைத்தேன். வழி மாறி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டிரைவர் சம்பளத்தில் பிடித்தம். அதுதான் நான் போட்ட வரி.

மூன்று பேர் ஒரே வாரத்தில் திருந்திவிட்டார்கள். நாலாவது ஆள் செல்வம், திருநெல்வேலிப் பக்கம். தினமும் பகல் பன்னிரண்டரைக்கு அவருடைய புள்ளி மட்டும் ஆறு கிலோமீட்டர் விலகிப் போய், ஐந்து நிமிடம் நின்று, திரும்பும். அப்போதைய வரைபடத்தில் தெருப்பெயரெல்லாம் கிடையாது. வெள்ளைத் திரையில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்டால், "ஒரு சோலி சார்" என்பார். பிடித்தச் சீட்டை நீட்டினால் பேசாமல் கையெழுத்துப் போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுஷன் ஒரு சண்டையாவது போட வேண்டாமா?

மூன்றாவது வாரம், கையும் களவுமாகப் பிடிக்க முதலாளியையே காரில் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆபீசில் கணக்கர் திரையைப் பார்த்துச் செல்போனில் வழி சொன்னார். இடது, மறுபடி இடது, நேராக. ரேஷன் கடை முக்கில் திரும்பியபோதே எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் கார்டு அந்தக் கடையில்தான்.

வேன் என் வீட்டு வாசலில் நின்றது. என் மனைவி சாந்தி டிபன் கேரியரை நீட்ட, செல்வம் வாங்கிக்கொண்டிருந்தார்.

ஆறின சோறு இறங்காது என்று கல்யாணமான புதிதில் முகம் சுளித்தவன் நான். அதற்கப்புறம் தினமும் ஒரு மணிக்கு மேசையில் கேரியர் சுடச்சுட இருக்கும். எப்படி வருகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று முதலாளி செல்வத்திடம் கேட்டார்.

"அத்தனை பேரு முன்னாடி கேட்டாருல்லா சார். அவரு வீட்டுச் சோத்துக்குத்தான் போனேன்னு எப்படிச் சொல்ல?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க தம்பி, அந்தப் பிடித்தத்தைப் பூரா உங்க சம்பளத்துக்கு மாத்திக்கலாங்களா?"

அவ்வளவு மரியாதையாக யாரும் என்னை அவமானப்படுத்தியதில்லை.

செல்வத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பணம் அவருக்குத் திரும்பியது. சாந்தி மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் காலை ஆறரைக்கே கேரியரைக் கட்டிக் கையில் கொடுத்தாள்.

இன்றைக்கும் சாப்பிடும்போது உட்கார்ந்த இடத்திலிருந்து ரசம் கேட்டால், என் மகள் முந்திக்கொள்கிறாள்: "அடுப்படி போய்வர எத்தனை கிலோமீட்டருங்கப்பா?"

நானே எழுந்து போய் ஊற்றிக்கொள்கிறேன்.