வேஸ்ட் இல்லாத கம்பெனி

"வேஸ்ட் எங்கீங்கண்ணா?" என்று கேட்டான் கதிர்வேல்.

"என்ன வேஸ்ட்டு?" என்றார் அப்புசாமி.

"கட்டிங் வேஸ்ட்டுங்க. துணி வெட்டினா துண்டு விழுகுமல்லங்க? பனியன் கம்பெனி நடத்தற எல்லாரும் அதை விப்பாங்க. நம்ம கணக்குல ஒரு கிலோ வித்ததாக்கூட எழுதலீங்க. அதைத்தான் டாக்ஸ் ஆபீஸ்ல கேக்கறாங்க."

வருமான வரி நோட்டீஸ் மேசைமேல் கிடந்தது. கழிவுத் துணி விற்பனை கணக்கில் வரவில்லை என்று தெரிய வந்திருப்பதாகவும், விளக்கம் வேண்டும் என்றும், தேவைப்பட்டால் நேரில் வருவோம் என்றும் அதில் இருந்தது.

அப்புசாமி மீசையைத் தடவினார். "நம்ம கம்பெனில வேஸ்ட்டே விழுகாது கண்ணு."

கதிர்வேல் பிரமித்துப் போனான். அவன் எளிதில் பிரமிக்கிறவன். புது மேம்பாலத்தைப் பார்த்தாலும் பிரமிப்பான், ஒரே மூச்சில் இளநீர் குடிக்கிறவரைப் பார்த்தாலும் பிரமிப்பான். ஐந்தாறு சின்னக் கம்பெனிகளுக்கு மாறி மாறிக் கணக்கு எழுதிப் பிழைக்கும் அவன், திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஒரு தெருக்கோடியில் இருந்த இந்த மாடி வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. வாசலில் 'கார்மென்ட்ஸ்' என்று போர்டு இருந்தது. கீழே ஆபீஸ், தையல் வேலை மாடியில் என்று சொல்லியிருந்தார்கள். மாடிக்கு மட்டும் போகக்கூடாது.

"எக்ஸ்போர்ட் டிசைனு. வெளிய தெரிஞ்சா காப்பியடிச்சுருவாங்க" என்றிருந்தார் அப்புசாமி.

"மெஷின் சத்தமே கேக்கலீங்களே?"

"ஜப்பான் மெஷினு. சத்தம் வராது."

கரண்ட் பில்லை எடுத்தபோது கதிர்வேலின் பிரமிப்பு பக்தியாகவே மாறிவிட்டது. மெஷின் மீட்டரில் ஒரு யூனிட்கூட ஏறவில்லை. இரவும் பகலும் ஓடியதெல்லாம் மாடி ஏசி மீட்டர்தான்.

"டெய்லருங்களுக்கு ஏசிங்களாண்ணா?"

"பொண்ணுங்க பாவம் கண்ணு. வேர்க்குமல்ல?"

திருப்பூரில் டெய்லருக்கு மின்விசிறி சுற்றினாலே பெரிய விஷயம். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "மனுசன் இல்லைமா, தெய்வம்!" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

அந்தத் தெய்வத்தைக் காப்பாற்ற அவனே ஒரு வழி சொன்னான். "வேஸ்ட்டை விக்காம குமிச்சு வச்சிருக்கோமுன்னு சொல்லிரலாமுங்க. அதுக்குக் கொஞ்சம் வேஸ்ட் வெளிய வாங்கி உள்ள போட்டு வச்சாப் போதுமுங்க."

மறுநாள் காலையில் அதே தெருவில் தினமும் வேஸ்ட் எடுக்கும் வியாபாரி ராக்கையா தன் குட்டியானைச் சரக்கு வண்டியோடு வந்து நின்றார். மூட்டை மூட்டையாக இறக்கிப் பின்கட்டில் அவிழ்த்துக் கொட்டினார். சிவப்பு, மஞ்சள், ஊதா, வெள்ளை. மழை பெய்து வானவில் கரைந்து ஓரிடத்தில் தேங்கியதுபோல் துண்டுத் துணி மலை எழும்பியது. கதிர்வேல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"கம்பெனிக்குள்ள இருந்து வேஸ்ட்டை வெளிய அள்ளித்தான் பழக்கமுங்க" என்றார் ராக்கையா. "உள்ள கொண்டாந்து கொட்டறது இதுதான் மொதத் தடவை. நல்லா இருப்பீங்க."

"வாயை மூடிட்டுக் கொட்டுய்யா" என்றார் அப்புசாமி.

"கொட்டறனுங்க. ஆனா பில்லு வாங்கிக்கோணுமுங்க. பில்லு இல்லாம நான் யாவாரமே பண்றதில்லீங்க."

"வேஸ்ட்டுக்குப் பில்லா? எந்த ஊரு நாயமய்யா இது?"

"நாயமான நாயந்தானுங்க. பேரு, விலாசம், தேதி எல்லாம் எழுதிட்டனுங்க."

பில் போட்டு வேஸ்ட் விற்கிற மனிதர்! கதிர்வேல் அதற்கும் ஒருமுறை பிரமித்துவிட்டு, பில்லை வாங்கிக் கோப்பில் வைத்தான்.

வெள்ளிக்கிழமை டாக்ஸ் ஆபீசர் வந்தார். பெயர் மதுமதி. சின்ன வயது, காட்டன் புடவை, தோளில் ஒரு துணிப் பை. துண்டுத் துணி மலையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு செல்போனில் ஏதோ பெருக்கினார்.

"இவ்வளவு வேஸ்ட் விழுந்திருக்குன்னா, இதுக்குப் பல மடங்கு துணி வெட்டியிருக்கோணுமுங்க. அந்தத் துணி வாங்கின பில் எங்கீங்க? தெச்ச பனியன் எங்க போச்சுங்க?"

அப்புசாமி கதிர்வேலைப் பார்த்தார். கதிர்வேல் மலையைப் பார்த்தான். அழகாக இருக்கிறதே என்று இன்னும் இரண்டு மூட்டை கூடுதலாகக் கொட்டச் சொன்னதும் அவன்தான்.

"கணக்கு எடுத்து வைக்கறோமுங்க மேடம்" என்றான்.

"வையுங்க. திங்கக்கிழமை வர்றேன். மெஷின் பார்க்கோணும். டெய்லருங்களையும் பார்க்கோணும். ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா வாக்குமூலம் வாங்குவேன். முதலாளி கூட இருக்கக் கூடாதுங்க. சம்பளமெல்லாம் அவங்கவங்க பேங்க் கணக்குல போகுதான்னும் பார்ப்பேன்."

அவர் போனதும் அப்புசாமி தண்ணீர்ச் சொம்பைத் தேடினார்.

சனிக்கிழமை வாடகைக்குத் தையல் மெஷின்கள் வந்து கீழ் ஹாலில் இறங்கின. ஜப்பான் மெஷினை ஆபீசர் கண்ணிலும் காட்டக் கூடாதாம். அடுத்து டெய்லர் பட்டியல் எழுத வேண்டும்.

"மேல இருக்கற பொண்ணுங்க பேரையே எழுதிக்க" என்றார் அப்புசாமி.

"பேங்க்ல கணக்கு ஆரம்பிக்க ஆதார் கார்டு வேணுமுங்கண்ணா."

அப்புசாமி முனகிக்கொண்டே பீரோவைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட ஆதார் கார்டுக் கட்டு ஒன்றை எடுத்து மேசையில் போட்டார்.

"அவங்க கார்டெல்லாம் உங்ககிட்டயாங்க இருக்குது?"

"குடுத்தாத் தொலைச்சுருவாளுக. போய்க் கையெழுத்து வாங்கிட்டு வா. பேச்சுக் குடுக்காதே."

முதல் முறையாகக் கதிர்வேல் மாடி ஏறினான். கதவுக்கு வெளியே தாழ்ப்பாள். இதுவும் டிசைனைக் காப்பாற்றத்தான் என்று நினைத்துக்கொண்டு திறந்தான்.

உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. துணி இல்லை, நூல் இல்லை. தடுப்புப் பலகை அடித்த சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒரு கட்டில். பெண்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். முன்னால் நின்றவளின் கார்டில் பூங்குழலி என்று பெயர் இருந்தது.

"நீங்க ஓவர்லாக் மெஷினா, பேட்லாக் மெஷினாங்க?" என்று கேட்டான்.

அவள் பதில் சொல்லாமல் அவன் கையிலிருந்து கார்டை வாங்கினாள். அதிலிருந்த படத்தை முந்தானையால் துடைத்தாள். "என் மொகந்தான்" என்றாள் பக்கத்தில் நின்றவளிடம்.

"இல்லீங்க, எந்த மெஷின்லைன்னு..."

"அண்ணே, நெசமாவே நீங்க கணக்கெழுத வந்தவுகளா?" அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "தையல் வேலைன்னுதான் பரமக்குடியிலருந்து கூட்டியாந்தாக. மெஷினை இன்னும் கண்ணால பாக்கல."

கதிர்வேல் கட்டிலைப் பார்த்தான். தாழ்ப்பாளைப் பார்த்தான். இந்த வீட்டில் பனியன் தைக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. வேலை என்று ஏமாற்றிக் கூட்டி வந்த இந்தப் பெண்களைத்தான் அப்புசாமி பூட்டிவைத்து விற்றுக்கொண்டிருந்தார். ஏசி யாருக்காக ஓடியது என்று புரிந்தபோது, குளிரிலும் அவனுக்கு முதுகில் வேர்த்தது. தெய்வம் என்று சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

"நான்... நான் இப்பவே போலீசுக்குப் போறனுங்க."

"போகாதீக. ரெண்டு தடவை வந்தாக. வர்றதுக்கு முந்தியே இவருக்குப் போன் வந்துருச்சு. எங்களை அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்துல கொண்டுபோயி வச்சிருந்துட்டு, அவுக போனப்புறம் திரும்பக் கொண்டாந்துட்டாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நேத்து வந்த அந்தம்மா யாரு?"

"டாக்ஸ் ஆபீசருங்க. திங்கக்கிழமை உங்க எல்லார்கிட்டயும் தனித்தனியாப் பேசோணுமாம். முதலாளி கூட இருக்கக் கூடாதாம்."

"தனியாவா?"

"ஆமாங்க."

அவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.  சுவரோடு ஒட்டியிருந்த முதுகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்ததைக் கதிர்வேல் பார்த்தான்.

"எம் பேரை மொதல்ல எழுதுங்கண்ணே" என்றாள் பூங்குழலி. "அது என்னமோ சொன்னீகளே, ஓவர்லாக்கு. அப்படின்னே எழுதுங்க. திங்கக்கிழமை வரைக்கும் எங்களை இங்கருந்து அவர் மாத்திரக் கூடாது. அது ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க."

கீழே இறங்கியதும் அவள் பேரையே முதலில் எழுதினான்.

ஞாயிற்றுக்கிழமை அப்புசாமி கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரு யோசனை கண்ணு. இவளுகளை மடத்துக்குளத்துக்கு அனுப்பிட்டு, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் நெசமான டெய்லருங்களைக் கூலிக்குக் கூட்டியாந்துரலாம்."

 கதிர்வேல் சொல்லும் இந்த ஒரு பதிலில்தான் மாடியிலிருந்த அத்தனை பேரின் கதியும் இருந்தது.

"பண்ணலாமுங்க" என்றான். அவன் குரல் அவனுக்கே யாரோபோல் கேட்டது. "ஆனா ஆதார் விவரமெல்லாம் நேத்தே மேடத்துக்கு அனுப்பியாச்சுங்க. கார்டுல ஒரு மொகம், மெஷின்ல ஒரு மொகம்னா, அது ஆள்மாறாட்ட கேஸுங்க. டாக்ஸ் கேஸ்ல அபராதம் கட்டினாப் போச்சு. அந்தக் கேஸ்ல உள்ள போடுவாங்க."

அப்புசாமி யோசித்தார். "அபராதமே தேவலை" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கதிர்வேல் தன்னைப் பார்த்தே பிரமித்தான்.

திங்கட்கிழமை மதுமதி இன்னும் சில ஊழியர்களோடு வந்தார். ஆய்வு முடியும்வரை யாரும் போன் தொடக்கூடாது என்று எல்லோருடைய போனையும் தன் மேசைமேல் வரிசையாக வைக்கச் சொன்னார். ஹாலில் பெண்கள் மெஷின்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பூங்குழலி மட்டும் மெஷினுக்குப் பின்பக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

மதுமதி குனிந்து பார்த்தார். "நூலே கோக்கலீங்களே?"

"ஜப்பான் மெஷினுங்க" என்றார் அப்புசாமி.

"ஓ. நூல் வேண்டாமுங்களா?"

மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டார். இத்தனை வேஸ்ட், அப்படியானால் இத்தனை துணி, அப்படியானால் இத்தனை பனியன். வரியும் அபராதமும் கோடிகளில் வந்து நின்றன. தாளை அப்புசாமி பக்கம் திருப்பினார்.

அப்புசாமி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அநியாயமுங்க! துணியே இல்லீங்க! வேஸ்ட்டு வெளிய வாங்கினது. பில்லு இருக்குதுங்க. கதிரு, அந்த ராக்கையா பில்லைக் காட்டு!"

கதிர்வேல் காட்டினான். பேர், விலாசம், தேதி, எல்லாம் பளிச்சென்று இருந்தது.

"அப்ப பனியன் தொழிலே இல்லைங்கறீங்களா?"

"இல்லவே இல்லீங்க!"

"பேங்க்ல வந்த பணம்?"

"அது பனியன் பணமே இல்லீங்க. மாடியில வர்ற பணம். இந்தப் பொண்ணுங்களை வச்சு வர்றது. அந்தத் தொழிலுக்கெல்லாம் டாக்ஸ் கிடையாதுன்னு என்ற மச்சான் சொன்னான்!"

 மதுமதியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பேனா மட்டும் ஓடியது.

"எல்லாத் தொழிலுக்கும் டாக்ஸ் உண்டுங்க. பணம் எப்படி வந்துச்சுன்னு பார்த்து எங்க சட்டம் ஒதுங்கிப் போகாது. வந்துச்சான்னு மட்டும்தான் கேக்கும். நீங்க சொன்னபடியே எழுதிட்டேன். இப்படிப் பார்த்தா வரி ரொம்பக் குறையுதுங்க. படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

கோடி லட்சமாக இறங்கியதைப் பார்த்ததும் அப்புசாமியின் முகம் மலர்ந்தது. பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். தேதியையும் அவரே போட்டார்.

அதன் பிறகு மதுமதி பெண்களை ஒவ்வொருவராக உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். மத்தியானத்துக்குள் அவர் கூப்பிட்டதன் பேரில் மாவட்டத் தலைமையிலிருந்து பெண் போலீஸாரும், பெண்களைப் பொறுப்பேற்க அதிகாரிகளும் வந்து இறங்கினார்கள். இந்தத் தடவை அப்புசாமிக்கு முன்கூட்டியே போன் வரவில்லை. வந்திருந்தாலும் அது மதுமதியின் மேசைமேல்தான் அடித்திருக்கும்.

"கோர்ட்ல இவங்கெல்லாம் வந்து சாட்சி சொல்லோணுமுங்களா மேடம்?" என்று கதிர்வேல் மெதுவாகக் கேட்டான்.

"அந்தக் கேஸ் தனியா நடக்கும். அதுல இவங்க சொல்ல விரும்பினாச் சொல்லலாம். பயந்தா, சொல்லாம ஊருக்குப் போகலாம். எங்க வரி ஏய்ப்புக் கேஸுக்கு இவங்களை யாரும் கூண்டுல ஏத்த வேண்டியதில்லீங்க. அவர் கணக்கும் கையெழுத்துமே போதும்."

பூங்குழலி வேனில் ஏறுமுன் நின்றாள். கையில் கார்டு இருந்தது. "அண்ணே, ஓவர்லாக்குன்னா என்னண்ணே?" என்று கேட்டாள்.

அவன் தன் சட்டையின் ஓரத்தை மடித்து, உள்பக்கத் தையலைக் காட்டினான். "துணி பிரியாமப் பிடிச்சுக்கற தையலுங்க."

அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். வேன் தெருமுனை திரும்பும்வரை கதிர்வேல் வாசலிலேயே நின்றான்.

மறுநாள் ராக்கையா தன் குட்டியானையோடு வந்தார். ஆபீசர் அனுமதி கொடுத்திருந்தார். பின்கட்டில் கிடந்த வானவில்லை மறுபடியும் மூட்டைக்குள் திணிக்க ஆரம்பித்தார். கதிர்வேலும் கூட நின்று அள்ளிப் போட்டான்.

"என்ன அதிசயமுங்கண்ணா!" என்றான். "இத்தனை பனியன் கம்பெனி இருக்கற ஊருல, வேஸ்ட் கணக்குக் கேட்டு ஒரு நோட்டீஸ் வருது. அது நேரா இந்த ஊட்டுக்கே வருது. நெனைச்சா மயிர்க்கூச்செறியுதுங்க. யாரோட புண்ணியமோ!"

ராக்கையா மூட்டையை முழங்காலால் அமுக்கிக் கட்டினார்.

"பொண்ணுங்களைப் பூட்டி வச்சிருக்கறான்னு ரெண்டு தடவை போலீசுக்கு உண்மையைச் சொல்லிப் பார்த்தேன், ஒண்ணும் நடக்கலை தம்பி, அப்புறந்தான் பில்லு இல்லாம வேஸ்ட்டு விக்கறான்னு டாக்ஸ் ஆபீசுக்கு ஒரு பொய்யைச் சொன்னேன்."